மோசடிப் பத்திரம்: மூன்று ஆண்டு எந்த நாளில் தொடங்கும்?

பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் போன டெல்டாப் பகுதிப் பெரியம்மா ஒருவருக்கு அங்கேதான் விஷயம் தெரிந்தது. அவர் பெயரில் இருந்த ஒன்றரை ஏக்கர் நன்செய்க்கு இப்போது கொழுந்தன் மகன் பெயரில் பட்டா. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கிரயம் எழுதிக் கொடுத்து முழுத் தொகையும் வாங்கிக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. சொசைட்டிக் கடனுக்கு என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கைரேகை வாங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏழு வருஷம் ஆயிடுச்சு, இனிமே கோர்ட்டுல எடுத்துக்க மாட்டாங்க" என்றார்கள் ஊரில். பலர் இந்தச் சொல்லை நம்பியே நிலத்தை விட்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம். மோசடி நடந்திருந்தால், அந்த மோசடி பாதிக்கப்பட்டவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும் என்கிறது அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு. பத்திரம் பதிவான நாளிலிருந்து அல்ல.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு பாதியும் உண்டு. நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ, அந்த நாளிலிருந்தும் கணக்கிடலாம். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும். "பத்திரம் பதிவானது, பட்டா மாறியது, எல்லாம் ஊரறிய நடந்தது" என்பார்கள். பெரியம்மா அந்த ஏழு ஆண்டும் தானே உழுது, நட்டு, அறுத்து வந்தவர். யாரும் வயலில் கால் வைக்கவில்லை. சந்தேகப்படக் காரணமே இல்லை என்று அவர் சொல்ல முடியும். எதிராளி ஏர் ஓட்டுவதைப் பார்த்தபடி ஐந்தாண்டு சும்மா இருந்தவர் அப்படிச் சொல்வது கடினம்.

தெரிந்த பிறகுதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். நாட்டாமைப் பேச்சில் ஆறு மாதம், "தை பொறக்கட்டும், எழுதித் தர்றேன்" என்ற வாக்குறுதியில் ஒரு வருடம், காவல் நிலையப் புகாரில் இன்னொரு வருடம், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் மனுவில் மிச்சம். இவை எதுவும் காலக் கணக்கை நிறுத்தாது. குற்ற வழக்கு தனியாக நடக்கும், பத்திரத்தை ரத்து செய்ய உரிமையியல் வழக்கு வேண்டும். மேல்முறையீட்டுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். புதிதாகப் போடும் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தாக வேண்டும். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையாக இருந்தால் மட்டும் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

ஆள்மாறாட்டம், போலிக் கையெழுத்து, கடன் தாள் என்று சொல்லி வேறு பத்திரத்தில் வாங்கிய ரேகை ஆகியவற்றில், பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று வாதிட வழி உண்டு. அப்போது காலக் கணக்கு வேறாகலாம். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். அதை நம்பி மூன்று ஆண்டைத் தாண்ட விடக்கூடாது. மைனர் சொத்தைக் காப்பாளர் விற்றிருந்தால், அந்தப் பிள்ளைக்கு 18 வயது முடிந்ததிலிருந்து 3 ஆண்டு. போலி விதை, கலப்பட உரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுதான்.

எனவே மோசடி தெரிந்த அன்றே அந்தத் தேதியை எழுதி வைக்க வேண்டும். வில்லங்கச் சான்றை உடனே எடுத்தால் அதில் தேதி அச்சாகியிருக்கும். யார், எப்போது, என்ன சொல்லி ஏமாற்றினார் என்பதை வழக்கு மனுவில் விவரமாகச் சொல்ல வேண்டும், "மோசடி" என்ற ஒற்றைச் சொல் போதாது. அன்று உடன் வந்தவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெயர்களை நினைவிருக்கும்போதே குறித்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்து 14 மாதம் ஊர்ப் பேச்சிலேயே போயிருந்தது. கையில் 22 மாதம் மிச்சம் இருக்கையில் வழக்கு தாக்கலானது. இந்தச் சம்பாவையும் அவர் அதே வயலில்தான் நட்டிருக்கிறார்.