குழாய் அறுக்க எந்த பிளேடு?

பயிர் வாடும் வேளையில் பம்புசெட் குழாயை அறுக்கும்போது ரம்பப் பல் உதிர்ந்தால், பிளேடு மட்டம் என்பார்கள். பெரும்பாலும் குற்றம் பல் கணக்கில்தான். கைரம்ப பிளேடுகள் அங்குலத்துக்கு 18, 24, 32 பற்களுடன் கிடைக்கின்றன. அறுபடும் இரும்பின் கனத்தில் குறைந்தது 3 பற்களாவது பதிய வேண்டும். நடுத்தர வகை 2 அங்குல ஜி.ஐ. குழாயின் கனம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். 24 பல்லே ஏற்றது. 18 பல் போட்டால் விளிம்பு பல்லிடுக்கில் சிக்கிப் பல்லை முறிக்கும். கெட்டிக் கம்பிக்கு 18 நல்லது. நெருங்கிய பல்லில் இரும்புத்தூள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய தகட்டுக்கு 32. பல் முனை முன்னோக்கி இருக்குமாறு மாட்ட வேண்டும்.

பாதியில் பிளேடு மாற்றினால் பழைய வெட்டில் புதியதை விடக்கூடாது. தேய்ந்த பிளேடு போட்ட வழி குறுகல். புதியது இறுகி ஒடியும். குழாயைத் திருப்பி மறுபுறத்திலிருந்து அறுப்பதே நல்லது.