தோழனைத் தாங்கிய தோள்கள்

வட இங்கிலாந்தில், ஆட்டத்தின் பொருட்டு வேலை நேரத்தை இழந்த தொழிலாளர்க்குக் கூலி ஈடு தரவேண்டும் என்ற பிணக்கிலிருந்து 1895இல் தோன்றியது ரக்பி லீக். அணிக்குப் பதின்மூவர். மலையொத்த உடலினர் மோதும் அக்களத்தில், ஐந்தடி ஐந்தங்குல உயரமே உடைய ஒருவர் புகழோடு நிலைத்தார் என்பது வியப்பன்றோ? அவரே ராப் பரோ.

1982இல் யார்க்ஷயரில் பிறந்த அவர், 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் கழகத்திற்காக மட்டுமே 492 ஆட்டங்கள் ஆடினார். எட்டு முறை சூப்பர் லீக் வாகை சூடினார். 2007, 2011 ஆகிய ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவரையே சேர்ந்தது.

ஓய்வு பெற்று ஈராண்டு கழிந்தது. 2019 டிசம்பரில் இயக்க நரம்பு நோய் அவரைப் பற்றியிருப்பது தெரியவந்தது. தசைகளை ஆளும் நரம்புகள் படிப்படியாக அழியும்; முற்றும் குணமாக்கும் மருந்து இல்லை. மின்னலென ஓடிய கால்கள் ஓய்ந்தன, நாவும் அடங்கியது. கண்ணசைவால் இயங்கும் கணினியே அவர் குரலாயிற்று. மனைவி லின்சி அவரைப் பேணிக்கொண்டே மூன்று குழந்தைகளையும் வளர்த்தார்.

பழைய அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்ட் வெறும் ஆறுதல் மொழியோடு நின்றாரல்லர். 2020 டிசம்பரில் ஏழு நாள்களில் ஏழு மாரத்தான் ஓடி நிதி திரட்டினார். 2023 மே 14 அன்று லீட்ஸ் மாரத்தானில் நண்பரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியே ஓடினார். எல்லைக்கோடு நெருங்கியதும் அவரைக் கரங்களில் ஏந்திக் கடந்தார்.

2024 ஜூன் 2 அன்று, 41ஆம் வயதில் ராப் மறைந்தார். மறுநாளே, அவர் பெயரால் அமையும் சிகிச்சை மையத்தின் கட்டுமானப் பணி லீட்ஸில் தொடங்கிற்று.

கோப்பைகளைக் காலம் மறக்கலாம். தளர்ந்தவனைத் தாங்கிய தோள்களை மறக்குமோ? நம் இல்லத்தருகே தளர்ந்திருப்பவர் யாரென, அன்பரே, சற்றே திரும்பிப் பார்ப்போமாக.