பெட்ரோல் வார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

விசைத்தெளிப்பான், களையெடுக்கும் பொறி, சிறு பம்பு செட்டு முதலியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மின்தடைக் காலத்தில் உதவும் ஜெனரேட்டரை நெசவாளர் சங்கங்கள் சிலவும் வைத்திருக்கின்றன. பொறியைப் பேணுவதில் காட்டும் அக்கறையை, அதற்குப் பெட்ரோல் வார்ப்பதில் நம்மவர் காட்டுவதில்லை. ஓடும் தெளிப்பானை முதுகில் சுமந்தபடியே தொட்டியை நிரப்பச் செய்பவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

எரிவது திரவமன்று, அதன் ஆவியே என்பதை முதற்கண் உணர வேண்டும். மண்ணெண்ணெயினின்று தீப்பற்றத்தக்க ஆவி எழ 35 பாகை செண்டிகிரேடுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். பெட்ரோலோ பூஜ்யத்திற்குச் சுமார் 40 பாகை கீழான குளிரிலும் அத்தகைய ஆவியை வெளிவிடும். அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். சற்றுத் தொலைவில் எரியும் சாய அடுப்போ பீடி நெருப்போ அதனைத் தொட்டால், தீ ஆவியின் வழியே ஓடிவந்து கலத்தை அடையும். படகிலும் ஆவி அடித்தட்டில் தங்குமாதலால், கழற்றக்கூடிய தொட்டியைக் கரைக்குக் கொணர்ந்தே நிரப்புதல் நலம்.

ஆகவே, பொறியை நிறுத்தி, முதுகினின்று இறக்கி, சூடு ஆறும்வரை பொறுத்திருங்கள். திறந்த வெளியில், புனல் கொண்டு வாருங்கள். பெட்ரோல் வெப்பத்தில் விரியுமாதலால் தொட்டியின் விளிம்புவரை நிரப்பலாகாது. சிந்தியதைத் துடைத்து, மூடியை இறுக்கி, பத்தடி அப்பால் நகர்த்திய பின்னரே பொறியை முடுக்குங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது அறவே கூடாது. தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர்வரை வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் கலம் இறுக மூடியதாக இருத்தல் வேண்டும். உலோகக் கலமாயின் 25 லிட்டருக்கும், கண்ணாடிக் கலமாயின் 1 லிட்டருக்கும் மேற்படலாகாது. கலத்தின்மீது 'பெட்ரோல்' எனச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். மண்ணெண்ணெய் என்றெண்ணி அடுப்பில் வார்த்துவிட்டால் குடும்பமே அழிய நேரும். நூல் கிடங்கு, சமையற்கூடம் இவற்றுக்கு அருகே அதனை வைக்காதீர்கள்.

தீ மூண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணல், உலர்ந்த தூள் தீயணைப்பான் ஆகியவையே ஏற்றவை.

பொறியை வாடகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இவ்விதிகளைப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறுவதென அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுங்கள். பொறி பழுதுற்றால் சங்க நிதியைக் கொண்டு வேறொன்று வாங்கலாம். வெந்துபோன உடலை எந்நிதியாலும் மீட்க இயலாது.