மழையில் எட்டு வண்டிகள்

ஊருக்கெல்லாம் நன்மை செய்யும் மழை, ஸைக்கிளில் யாத்திரை போகிறவர்களிடம் மட்டும் நல்ல பெயர் எடுப்பதில்லை. வீட்டில் இருப்பவர் ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னொரு டம்ளர் காப்பி கேட்கலாம். வழிப்போக்கருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அன்றிரவு தங்க வேண்டிய விடுதி முப்பது மைலுக்கு அப்பால் இருக்கும். அதிலும் கோஷ்டியாகப் போகும்போது நனைவது பெரிய கஷ்டமல்ல. எட்டுப் பேருக்கு எட்டு அபிப்பிராயம் உண்டாகிறதே, அதுதான் கஷ்டம்!

அமெரிக்காவில் கம்பர்லாந்து என்னும் ஊரிலிருந்து தலைநகரான வாஷிங்டன் வரையில், பொடோமாக் நதியை ஒட்டி ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. 1828-ல் வெட்டத் தொடங்கி 1850-ல் கம்பர்லாந்தை எட்டினார்கள். கோவேறு கழுதைகள் கரையில் நடந்து, நிலக்கரிப் படகுகளை இழுத்துச் சென்றன. 1924-ஆம் வருஷத்து வெள்ளத்தோடு படகுகள் நின்று போயின. பின்னர் அந்தக் கரையை மோட்டார் சாலையாக்கும் யோசனை கிளம்பியபோது, வில்லியம் டக்ளஸ் என்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1954-ல் 184.5 மைல் தூரத்தையும் நடந்தே கடந்து, ஜனங்களின் கவனத்தைத் திருப்பினார். சாலை வரவில்லை. 1971-ல் கால்வாய் தேசிய சரித்திரப் பூங்காவாயிற்று. கழுதைகள் நடந்த பாதையில் இப்போது மனிதர்கள் நடக்கிறார்கள், ஸைக்கிளும் விடுகிறார்கள்.

நாங்கள் எட்டுப் பேர் அந்தப் பாதையில் ஐந்து நாள் யாத்திரை புறப்பட்டது மூன்று சக்கர வண்டிகளில். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவே, தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்தில், வலைத் துணி கட்டிய ஆசனம். நம் வீட்டு ஈஸிசேரில் சாய்ந்து, காலை நீட்டி, எதிரே உள்ள பெடலை மிதிப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் வண்டியின் லட்சணம் விளங்கிவிடும். இரண்டு சக்கர வண்டி சாயாமல் நிற்க ஓரளவு வேகம் வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. ஆமை வேகத்தில் போனாலும், நடு மேட்டில் பிரேக்கைப் பிடித்து மூச்சு வாங்கினாலும் விழாது. ஆகையால் முழங்கால் தளர்ந்தவர்களும், உடம்பின் சமநிலை குன்றியவர்களும் இதை விரும்புகிறார்கள். எங்கள் கோஷ்டியில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தால் அவருக்கு இடது பக்கம் பலம் குறைந்துவிட்டது. இடது பாதத்தை வாரினால் பெடலோடு பிணைத்துக்கொண்டு, இந்த யாத்திரைக்காக ஒரு வருஷம் பழகியிருந்தார்.

இரண்டாம் நாள் பிடித்தது மழை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பா-பா என்ற சிற்றூரில் தங்கியிருந்தோம். அங்கிருந்து ஹான்காக் 32 மைல். மழையில் இந்த வண்டியின் குறைகளெல்லாம் வெளிப்பட்டுவிடும். சாய்ந்திருப்பவருக்கு முகமே கூரை. மூக்குக் கண்ணாடி சீக்கிரமே பயனற்றுப் போகிறது. முன் சக்கரங்கள் இரண்டும் இரு தோளுக்கும் சேற்றை வாரி வழங்குகின்றன. பாதையிலோ இரண்டு தடம், நடுவில் புல். இரண்டு சக்கரக்காரர் குழியைக் கண்டால் ஒதுங்கிப் போகலாம். எங்களுக்கு மூன்று தடம். ஒரு சக்கரம் தப்பினால் இன்னொன்று இறங்கும். பெடலின் விசையைப் பெறும் பின் சக்கரம் நனைந்த புல்லில் வழுக்கிச் சுழலும்.

சாமான்களை ஏற்றிச் சென்ற மோட்டார், 15 மைல் தூரத்தில் லிட்டில் ஆர்லியன்ஸ் என்னும் இடத்தில் எங்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. "என்னால் உங்களுக்குத் தாமதம் வேண்டாம், நான் மோட்டாரிலேயே வந்துவிடுகிறேன்" என்றார் பெரியவர். வாலிபர் இருவர் முகத்தில் சற்று நிம்மதி தோன்றியது. மோட்டாரில் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

கோஷ்டியின் தலைவி முன்பு நர்ஸாக இருந்தவர். அவர் இரக்கம் பேசவில்லை, கணக்குப் பேசினார். "நேற்று வெயிலில் வேகமாகப் போனவர்கள் மரத்தடியில் காத்திருந்தீர்கள், அது இளைப்பாறல். இன்று காத்திருந்தால் தண்டனை. மிதிக்கிற வரையில் உடம்பில் சூடு இருக்கும். நின்றால் ஈரத் துணி அதை உறிஞ்சிவிடும். ஆகவே ஒருவரும் முன்னால் ஓடி நிற்க வேண்டாம். நிற்காமல் போகக்கூடிய வேகத்தில் எல்லோரும் சேர்ந்து போவோம். அந்த வேகம் தெரிந்தவர் பெரியவர்தான். அவர் முன்னால் போகட்டும். முடியாவிட்டால் லிட்டில் ஆர்லியன்ஸில் ஏறிக்கொள்ளட்டும்" என்றார். ஒருவராலும் மறுக்க முடியவில்லை.

புறப்பட்ட சிறிது தூரத்தில் மலையைக் குடைந்த சுரங்கம் வந்தது. நீளம் 3,118 அடி. 1836-ல் தொடங்கிய வேலை 1850-ல்தான் முடிந்தது. உள்ளே அறுபது லட்சம் செங்கல் பாவியிருக்கிறார்கள். இறங்கி விளக்கை ஏற்றிக்கொண்டு வண்டிகளைத் தள்ளினோம். பெரியவர் கைப்பிடிக் கட்டையைப் பற்றி நடந்தார். அவருடைய வண்டியை வாலிபர்களில் ஒருவர் இழுத்து வந்தார். அந்தக் காலத்தில் எதிரெதிராக வந்த இரண்டு படகுத் தலைவர்கள் இந்த இருட்டில் வழி விட மறுத்து நாட்கணக்கில் நின்றார்கள் என்றும், கால்வாய்க் கம்பெனியார் பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகை போட்டு வெளியேற்றினார்கள் என்றும் கதை சொல்கிறார்கள். அதைக் கேட்டு, காலையில் முணுமுணுத்தவர்களே அதிகமாகச் சிரித்தார்கள்.

மீதி வழிக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. லிட்டில் ஆர்லியன்ஸில் மோட்டாரில் ஏறியவர்கள் இருவர். ஒருவருடைய செயினில் சேறு அடைத்துக்கொண்டது. மற்றொருவர் மழைச் சட்டை கொண்டுவராத வாலிபர். பெரியவர் ரொட்டியும் சூடான தேநீரும் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் வாரை இறுக்கிக்கொண்டார்.

அங்கிருந்து, பழைய ரயில் பாதையை வழவழப்பான தார்ப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சேறு இல்லை, விரும்பியவர் பறந்து போகலாம். மழை மட்டும் விடவில்லை. ஆகவே ஆறு வண்டிகளும் காலையில் வகுத்த வரிசையிலேயே சென்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஹான்காக்கை அடைந்தன. குழாயடியில் வண்டிகளைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட்டோம். இடது கையால் சக்கரத்தைப் பிடிக்க முடியாத பெரியவருக்குச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டவர், மோட்டாரில் வந்த வாலிபர்.

மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. பழையபடி வேகக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது மத்தியானச் சாப்பாட்டின்போதுதான்.