தாத்தா விட்டுப்போன ரைஃபிள்: சொத்தா, சுமையா?

தங்கம், நிலம், மியூச்சுவல் ஃபண்ட்னு நிறைய பேசியாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் வித்தியாசமான ஒண்ணு: பழைய வேட்டைத் துப்பாக்கி. "வின்டேஜ் ரைஃபிள் நல்ல முதலீடா சார்?"னு கேட்கிறவங்க இருக்காங்க. பரண்ல ஒண்ணு கிடக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

அப்படி என்ன ஈர்ப்பு?

கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பெங்களூர்க்காரர். இன்னிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கிற ஜவளகிரி, அப்போ சேலம் மாவட்டம். அந்தக் காட்டு ஆட்கொல்லிப் புலியைப் பற்றி 1954ல வந்த தன் புத்தகத்துல எழுதினார். அவர் கையில இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், 405 தோட்டா போடுற லீவர் ரைஃபிள்.

விசையைச் சுத்தி இருக்கிற லீவரைக் கீழே தள்ளினா காலித் தோட்டா வெளியே வரும், மேலே இழுத்தா அடுத்தது உள்ளே போகும். முந்தைய பல லீவர் துப்பாக்கிகள்ல தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள்ள வரிசையா நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டா, முன்னாடி இருக்கிற தோட்டாவோட அடியைக் குத்தி வெடிக்கிற ஆபத்து உண்டு. ஜான் பிரவுனிங் குழாயை எடுத்துட்டு அடியில பெட்டி வச்சார். பெரிய தோட்டாவுக்கு வழி பிறந்தது. 1904ல வந்த 405ல குண்டு மட்டும் சுமார் 19 கிராம். வேகம் நொடிக்கு 670 மீட்டர் அளவு. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909ல ஆப்பிரிக்கா போனப்போ எடுத்துட்டுப் போன துப்பாக்கிகள்ல இதுவும் ஒண்ணு.

இந்த மாடல் மொத்தம் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல தயாராச்சு. அதுல ஏறக்குறைய 3 லட்சம் முதல் உலகப் போர்ல ரஷ்ய ராணுவத்துக்கு, வேற தோட்டா அளவுல போயிடுச்சு. மிச்சத்துலயும் ஒரு பகுதிதான் 405. அதனாலதான் இது அபூர்வம்.

அபூர்வம்னா விலை கிடைக்குமா?

இங்கதான் நிதானம் வேணும். நம்ம நாட்டுல 1980களின் நடுவுல இருந்து சாதாரண ஆளுங்க வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி பண்ற வழி பெரும்பாலும் அடைபட்டுடுச்சு. அதனால ஏற்கனவே உள்ளே இருக்கிறதுக்குக் கிராக்கி உண்டு. ஆனா வாங்குறவர்கிட்டயும் லைசென்ஸ் இருக்கணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வச்சிருக்கலாம், முன்னாடி 3. தனியாருக்கு விற்கணும்னா மாவட்ட மாஜிஸ்திரேட் அல்லது காவல் நிலையத்துக்கு எழுத்துல தெரிவிச்சு, 45 நாள் கழிச்சுத்தான் கைமாத்த முடியும். 405 தோட்டா கிடைக்கிறது குதிரைக்கொம்பு. வேட்டைக்கும் 1972 வன உயிரினச் சட்டப்படி தடை இருக்கு. ஆக, இது அவசரத்துக்குக் காசாகிற சொத்து இல்ல.

நம்ம சுவாமிமலையில புதுசா வார்த்த ஐம்பொன் விக்கிரகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பணும்னாக்கூட, "இது பழம்பொருள் இல்லை"ன்னு தொல்லியல் துறை சான்று வாங்கறாங்க. பொருள் எவ்வளவு அழகா இருந்தாலும் பேப்பர் இல்லாம நகராது. துப்பாக்கிக்கு இது இன்னும் கறாரா பொருந்தும்.

லைசென்ஸ்தாரர் இறந்துட்டா?

இதைக் கவனமா படிங்க. துப்பாக்கி வாரிசுக்கு வரும். லைசென்ஸ் தானா வராது.

1. தாமதிக்காம காவல் நிலையத்துலயோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரிகிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. பீரோவுலயே வச்சிருந்தா அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.
2. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸோட வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லைன்னா தகுதி உள்ளவருக்கு விற்கலாம்.
3. குறிப்பிட்ட காலத்துக்குள்ள ரெண்டும் செய்யலைன்னா, அரசு பறிமுதல் பண்ணிடலாம். மதிப்பு பூஜ்யம்.

"ரொம்பப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்"னு சொல்றதை நம்பாதீங்க. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் சட்டத்துல விலக்கு.

தாத்தா இன்னும் இருக்காரா? ரொம்ப நல்லது. அவருக்கு 70 வயசு ஆகியிருந்தா, அல்லது துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தா, இப்பவே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அவர் பேருக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு.

வரி?

வாரிசா வர்றதுக்கு வருமான வரி கிடையாது. விற்கும்போது, சொந்த உபயோகப் பொருள்னா மூலதன ஆதாய வரி வராதுன்னு வாதிடலாம். சேகரிப்பா வச்சிருந்தா கேள்வி வரும். உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு விற்கறது நல்லது.

என் கருத்து இதுதான்: வீட்டுல லைசென்ஸோட இருந்தா பெருமையா பாதுகாத்துக்கோங்க. லாபத்துக்காகத் தேடி வாங்காதீங்க. இன்னிக்கே அந்த லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, யார் பேர்ல இருக்கு, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க.