நம்மை நாமே தண்டிக்கலாமா?



கொரோனாவுக்காக 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அதனால் உண்டான உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்நாட்களில் உறவினரை இழந்த பலருக்கு மனபாரம் இன்னும் இறங்கவில்லை. "அப்பாவின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லையே", "நான்தான் வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்தேனோ" என்ற புலம்பலை இன்றும் நாங்கள் கேட்கிறோம்.

இப்படிப் புலம்புகிறவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். நோயாளியை விட்டு நீங்கள் விலகி இருந்தது அன்பு குறைந்ததால் அல்ல. பேசும்போதும் மூச்சு விடும்போதும் பரவுகிற கிருமி அது. காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றக்கூடும். எனவே யார் மூலம் வந்தது என்று பெரும்பாலும் எவராலும் நிச்சயமாகக் கூற முடியாது. இன்று தெரிந்ததை வைத்து அன்றைய நம்மைக் குற்றவாளி ஆக்குவது நியாயமல்ல.

துக்கம் ஆறாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் ஊர்களில் சாவு விழுந்தால் தெருவே கூடும். கட்டிக்கொண்டு அழுவார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு வரும். இதெல்லாம் ஒருவர் துக்கத்தைப் பலர் சேர்ந்து சுமக்கும் வழி. 2020-ஆம் ஆண்டில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி வந்தபோது, அந்த வழி அடைபட்டது. அழ வேண்டிய அழுகை உள்ளேயே தங்கிவிட்டது.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. இறந்தவரின் நினைவு நாளில் உறவினரைக் கூட்டி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவரைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள். குற்ற உணர்வு எழும்போது இப்படி யோசித்துப் பாருங்கள்: உங்கள் தங்கை இதே வார்த்தைகளைச் சொல்லி அழுதால், "ஆமாம், உன் தப்புதான்" என்பீர்களா? அவளுக்குச் சொல்லும் ஆறுதலை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுவதும், போதிய அளவு உறங்குவதும், சிறிது தூரம் நடப்பதும் சுயநலம் அல்ல.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனக்கலக்கமும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தெரிவித்தது. ஆகவே இது உங்கள் ஒருவருடைய பலவீனம் அல்ல.

துக்கத்துக்குக் கெடு வைக்க முடியாது. ஆயினும் இழப்புக்குப் பின் ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதபடி துக்கம் அழுத்தினால், மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தெருவிலும் இப்படி மனதுக்குள் புழுங்குகிற ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.