இணையதளமும் கடை வாசல்தான்: அமெரிக்கச் சிறு வணிகர்களைத் தேடிவரும் வழக்குகள்

அமெரிக்காவில் உணவகமோ துணிக்கடையோ நடத்துபவருக்குத் திடீரென்று வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பார்வையற்ற வாடிக்கையாளரால் கடையின் இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்பது புகார். இப்படி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வழக்குகள் தொடுக்கப்படுகின்றன.

எந்தச் சட்டம்?

1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். பொதுமக்கள் வந்துபோகும் கடைகள் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இணையதளம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நீதிமன்றங்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. டோமினோஸ் தளத்தில் பீட்சா ஆர்டர் செய்ய முடியாத பார்வையற்றவர் தொடுத்த வழக்கில், தளத்துக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

என்ன செலவாகும்?

இந்தக் கூட்டாட்சிச் சட்டப்படி வழக்குத் தொடுத்தவருக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் கடைக்காரர் தோற்றால் தளத்தைச் சரிசெய்வதோடு எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணத்தையும் கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி குறைந்தது 4,000 டாலர் இழப்பீடும் உண்டு. எனவே பலர் சமரசமாகவே முடித்துக்கொள்கிறார்கள்.

குறை எங்கே?

பார்வையற்றவர்கள் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை நம்பியிருக்கிறார்கள். மெனு கார்டைப் படமெடுத்து அப்படியே போட்டிருந்தால், அதற்கு "படம்" என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்; தோசை இருக்கிறதா, விலை என்ன என்பது காதில் விழாது. பெயரிடாத பொத்தான்கள் வரிசையாக இருந்தால் "பட்டன், பட்டன்" என்றே ஒலிக்கும். பசியோடு ஆர்டர் செய்ய வந்தவர் வேறென்ன செய்வார்?

குறுக்குவழி உண்டா?

இல்லை. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் சட்டப்படி சரியாகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளை நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டவைத்தது அமெரிக்க வர்த்தக ஆணையம், 2025-இல்.

டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற இணைய அணுகல் நெறிமுறையின் 'ஏஏ' நிலையை இலக்காக வைத்துத் தளத்தைத் திருத்துவதே நல்லது. முந்தைய ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டாத, அல்லது முழுநேர ஊழியர்கள் 30 பேருக்கு மேற்படாத வணிகங்கள், இதுபோன்ற அணுகல் வசதிச் செலவுகளுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வரிச்சலுகை கோரலாம்.

முதல் சோதனைக்குப் பணமே வேண்டாம். மவுஸைத் தொடாமல், டேப் விசையால் நகர்ந்து, விசைப்பலகையை மட்டும் வைத்து உங்கள் தளத்தில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறீர்களோ, திருத்தத்தை அங்கே தொடங்குங்கள். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; அதற்குள் எத்தனையோ வாடிக்கையாளர்கள் திரும்பிப் போயிருப்பார்கள்.